சலவைக்கல்லின் பெருமை யாருக்கு?

சலவைக்கல் என்றும், பளிங்குக்கல் என்றும், மார்பிள் என்றும் சொல்லப்படுகிற வெள்ளைக் கல்லால் ஆன கட்டடங்களையும் சிலைகளையும் பற்றி நம் மக்கள் பேசுவதை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். ஆக்ராவுக்குப் போய் வந்தவர், “ஷாஜஹான் கட்டிய தாஜ்மகாலைப் பார்க்கக் கோடிக் கண் வேண்டும்” என்கிறார். ரோமாபுரிக்குப் போய் வந்தவர், “மாதா சிலையைக் கண்டேன், அது மனுஷன் கையால் ஆனதல்ல, தெய்வ அருளால் ஆனது” என்கிறார். ஒருவர் பேச்சில் பெருமை முழுவதும் ராஜாவுக்குப் போய்விடுகிறது. மற்றவர் பேச்சில் அது கடவுளுக்குப் போய்விடுகிறது. மலையைப் பிளந்து அந்தக் கல்லை எடுத்தவர்களுக்கும், அதை இழுத்து வந்தவர்களுக்கும், உளி பிடித்துச் செதுக்கியவர்களுக்கும் மிஞ்சுவது என்ன என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

இது ஏதோ வெள்ளைக்கார நாட்டுக் கலை விஷயம், நமக்கென்ன என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. உழைப்பு ஒருவருடையதாகவும் புகழ் வேறொருவருடையதாகவும் இருக்கிற அக்கிரமம் எந்த நாட்டில் நடந்தாலும் அதற்கு ஆதாரமாயிருக்கும் புரட்டு ஒன்றேதான். ஆதலால் இந்தக் கல்லின் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறோம்.

முதலாவது, சலவைக்கல் என்பது என்ன? கடலிலே வாழ்ந்து செத்த சிப்பி, கிளிஞ்சல் முதலிய பிராணிகளின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷங்களாக அடியிலே படிந்து சுண்ணாம்புப் பாறையாகி, அந்தப் பாறை பூமிக்குள் அகப்பட்டு, உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் மாறி இறுகினதுதான் சலவைக்கல். நம் கிராமத்துப் பாட்டி வெற்றிலையில் தடவுகிற கிளிஞ்சல் சுண்ணாம்புக்கும், தாஜ்மகாலுக்கும், ரோமாபுரி மாதாவுக்கும் மூலப்பொருள் ஒன்றே. எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைத்து அரிபடும் கல் அது. இத்தாலி தேசத்தில் சிலைக் கல்லுக்கு உலகப் பெயர் பெற்ற கராரா மலையிலிருந்து இன்று எடுக்கப்படுவதில் பெரும்பகுதி, சிலையாகவும் மாளிகையாகவும் ஆவதில்லை. பொடியாக அரைக்கப்பட்டுக் காகிதத்துக்கும், பெயிண்டுக்கும், பல் துலக்கும் பசைக்கும் போகிறது. மலை ஒன்று; அதில் ஒரு துண்டு தேவமாதாவாகி மெழுகுவர்த்தி பெறுகிறது, மற்றொரு துண்டு பற்பசையாகி வாய் கொப்பளித்துத் துப்பப்படுகிறது. இதில் தெய்வத்தன்மை எந்தத் துண்டில் எப்பொழுது வந்து புகுந்தது என்று எந்தப் பாதிரியாராவது நமக்குச் சொல்லட்டும்.

இதற்கு ரோமாபுரியின் சரித்திரமே நல்ல சாட்சி. பழைய ரோமர்கள் ஜூபிடர் என்றும் வீனஸ் என்றும் பல தெய்வங்களைச் சலவைக்கல்லில் செய்து வைத்து, ஆடு மாடு வெட்டிப் பூஜை போட்டு வந்தார்கள். பிறகு கிறிஸ்து மதம் வந்தது. பழைய தெய்வங்களுக்கு வேலை போயிற்று. அந்தக் கோயில்களின் கல்லும், அந்தத் தெய்வங்களின் கையும் காலும் தலையும் பல நூறு வருஷங்களாக ரோமாபுரியிலேயே சூளையில் போட்டுச் சுடப்பட்டுச் சுண்ணாம்பாக்கப்பட்டன. ரஃபேல் என்னும் பெரிய சித்திரக்காரர் சுமார் 1519-ல் அன்றைய போப்பாகிய பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில், இப்பொழுது நாம் காணும் புதிய ரோமாபுரி பழைய சலவைக்கற்களைச் சுட்ட சுண்ணாம்பினால் கட்டப்பட்டது என்ற கருத்தை மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஆகவே, நேற்றைய கடவுள் இன்றைய கோயிலுக்குச் சுவர்ப்பூச்சு ஆயிற்று. சூளையில் வேகும்போது எந்த ஜூபிடரும் இடி இடித்துத் தடுத்ததாகத் தெரியவில்லை.

நிற்க. கல்லிலே தெய்வம் இல்லை என்பது அப்படியிருக்க, அந்தக் கல்லிலே இருக்கிற அழகு எங்கிருந்து வந்தது? அது மனித உழைப்பிலிருந்து வந்தது. அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கராராவில் சுமார் இரண்டாயிரம் வருஷங்களாகக் கல் எடுத்து வருகிறார்கள். ரோமர் காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் அடிமைகளும் தண்டனை பெற்ற கைதிகளும். பாறையில் வரிசையாகப் பள்ளம் தோண்டி, மர ஆப்புகளை அடித்து, அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். மரம் ஊறிப் பருக்கும், பாறை பிளக்கும். பிளந்த பாறையைச் செங்குத்தான மலைச்சரிவிலே கீழே இறக்குவதுதான் பெரிய கண்டம். கல்லைக் கயிற்றால் கட்டிச் சறுக்குக் கட்டையின்மேல் ஏற்றி, குறுக்கே போட்ட உத்தரங்களுக்குச் சோப்பு தடவி, மேலேயிருந்து சிலர் கயிற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக விட, கல்லுக்கு முன்னால் சிலர் நின்றுகொண்டு, பின்னால் கழிந்த உத்தரங்களை வாங்கி முன்னால் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். கயிறு அறுந்தால், முன்னால் நிற்கிறவர் கதி என்ன என்று நாம் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இருபதாம் நூற்றாண்டின் நடுக்காலம் வரையில் நடந்து வந்தது. 1911-ல் கராராவில் பெத்தோக்லி என்னும் குவாரியில் பாறை சரிந்து 10 தொழிலாளர்கள் ஒரே நாளில் மாண்டார்கள். அதற்கு முன்னரே, 1894 ஜனவரியில், அந்த வட்டாரத்துக் கல் தொழிலாளர்கள் வறுமை பொறுக்க மாட்டாமல் கிளர்ந்தெழுந்தபோது, இத்தாலி சர்க்கார் அங்கே ராணுவச் சட்டம் போட்டு, ராணுவ நீதிமன்றம் வைத்து, பலரை நீண்டகாலச் சிறைக்கு அனுப்பிற்று. கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி. கல்லை எடுத்தவனுக்கு இரும்புக் கம்பி!

இனி, தெய்வ அருள் என்கிறார்களே, அதைப் பார்ப்போம். மைக்கேல் ஆஞ்சலோ என்னும் சிற்பியை அவர் உயிரோடிருந்த காலத்திலேயே ‘தெய்வீகர்’ என்று அழைத்தார்கள். அவர் செய்ததுதான் ரோமாபுரியில் செயின்ட் பீட்டர் கோயிலில் இருக்கிற, மாண்டுபோன மகனை மடியில் கிடத்திய மாதா சிலை. பிளாரன்ஸ் நகரத்தில் 1501 முதல் 1504 வரையில், வேறு சிற்பிகள் தொட்டுக் கைவிட்டு வருஷக்கணக்காய் மழையிலும் வெயிலிலும் கிடந்த ஒரு பாழ்பட்ட கல்லிலிருந்து, 17 அடி உயரமுள்ள தாவீது சிலையைச் செதுக்கியவரும் அவரே. இந்தத் திறமை வானத்திலிருந்தா வந்தது? அவர் வாலிபத்திலே ஒரு மடத்து ஆஸ்பத்திரியில் பிணங்களை அறுத்து, எந்த எலும்பின்மேல் எந்தத் தசை எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்றார். கல்தச்சர் குடும்பத்துப் பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்தவர் ஆனதால், உளியும் சுத்தியும் அந்தப் பாலோடு தமக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்வாராம். நல்ல கல் தேடி மாதக்கணக்காய்க் கராரா மலையிலே குவாரிக்காரர்களோடு கிடந்தார். ஜபம் செய்து செதுக்கியவர் அல்ல. பிணத்தை அறுத்தும், மலை ஏறியும், கை காய்த்தும் செதுக்கியவர். இத்தனை பாடுபட்டவரைப் பார்த்து “எல்லாம் கடவுள் செயல்” என்றால், அது புகழ்ச்சி அல்ல. அவருடைய கூலியைத் திருடிக் கடவுள் உண்டியலில் போடுகிற காரியம் என்பதே நமது அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் அவருக்கே எவ்வளவு ரோஷம் இருந்தது என்பதற்கு ஒரு கதை சொல்லுவார்கள். மாதா சிலையைப் பார்த்த சிலர் அதை வேறொரு சிற்பி செய்ததாகப் பேசினதைக் கேட்டு, அவர் இரவோடிரவாகப் போய், மாதாவின் மார்பில் குறுக்கே போகும் பட்டையில் தம் பெயரைச் செதுக்கிவிட்டாராம். கதை எப்படியிருந்தாலும் பெயர் அங்கே இருக்கிறது. இதை நாம் கர்வம் என்று சொல்லமாட்டோம். சுயமரியாதை என்றுதான் சொல்லுவோம்.

ஆனால் பெயர் செதுக்க இடங் கிடைக்காதவர்கள் கதியைப் பாருங்கள். மேலே சொன்ன போப் பத்தாம் லியோ, பிளாரன்ஸிலே தன் குடும்பக் கோயிலாகிய சான் லொரென்சோவுக்குச் சலவைக்கல்லால் பிரமாதமான முகப்பு ஒன்று கட்ட ஆசைப்பட்டு, அந்த வேலையை மைக்கேல் ஆஞ்சலோவுக்கு ஒப்படைத்தார். 1518 ஜனவரியில் ஒப்பந்தமாயிற்று. கராராக் கல் வேண்டாம், பிளாரன்ஸ் ஆட்சிக்குட்பட்ட செரவெட்சா மலையிலேதான் எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அங்கே ஒழுங்கான குவாரியும் இல்லை, ரோடும் இல்லை. அந்த ஆண்டில் ஒரு தூணை மலையிலிருந்து இறக்கும்போது, தொழிலாளி ஒருவர் கழுத்து முறிந்து அந்த இடத்திலேயே மாண்டார். மைக்கேல் ஆஞ்சலோவே தாமும் உயிர் தப்பினது அருமை என்று கடிதம் எழுதினார். அந்தத் தொழிலாளியை ‘ஒரு ஆள்’ என்பதற்கு மேல் உலகம் அறியாது. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்களா, அவர்கள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள் என்பதை எந்தப் புரோகிதரும் எழுதி வைக்கவில்லை.

சரி, அந்த உயிரை வாங்கின முகப்பாவது கட்டி முடிந்ததா? இல்லை. 1520 மார்ச்சில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. சான் லொரென்சோவின் முகம் இன்று வரை சலவைக்கல் இல்லாமல் சொரசொரப்பான மொட்டைச் சுவராகவே நிற்கிறது. 500 வருஷங்களாக அந்தக் கோயிலுக்குள்ளே பூஜை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளைக்கல் முகப்பு இல்லாததால் கடவுள் அங்கே வர மறுத்ததாக யாரும் சொல்லவில்லை. அப்படியானால் அந்த ஏழை எதற்காகச் செத்தார்? கடவுளுக்கு வேண்டியிருந்ததற்காகவா, போப்பின் குடும்பப் பெருமைக்கு வேண்டியிருந்ததற்காகவா? வாசகர்களே யோசிக்கட்டும்.

இனி நம் தேசத்து ராஜா கதைக்கு வருவோம். தாஜ்மகால் காதலின் சின்னம் என்று பாட்டுப் பாடுகிறார்கள். யாருக்காகக் கட்டினது? மும்தாஜ் என்னும் பெண்மணிக்காக. அந்த அம்மாள் 1612-ல் ஷாஜஹானுக்கு வாழ்க்கைப்பட்டு, 19 வருஷங்களுக்குள் 14-வது பிரசவத்தில், 1631-ல் பர்ஹான்பூரில் மாண்டுபோனார். பிறந்த பிள்ளைகளிலும் பாதி தப்பவில்லை. ஒரு பெண்ணின் உடம்பை வருஷாவருஷம் பிள்ளை பெறும் யந்திரமாக்கி, அது தேய்ந்து அறுந்த பிறகு அதன்மேல் வெள்ளைக்கல்லை அடுக்குவதற்குக் காதல் என்று பெயர் வைப்பதானால், அப்படிப்பட்ட காதல் நம் வீட்டுப் பெண்களுக்கு வேண்டாம் என்றே சொல்லுவோம். கல்லறை எவ்வளவு அழகாயிருந்தாலும் அதற்குள் கிடப்பது 38 வயதில் செத்துப்போன ஒரு தாய்.

அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம்? 1630 முதல் 1632 வரையில் குஜராத்திலும் தக்கணத்திலும் கொடிய பஞ்சம். ஜனங்கள் கூட்டங் கூட்டமாய் மாண்டார்கள். அந்த 1632-லேயே தாஜ்மகால் வேலை தொடங்கிற்று. கல் எடுத்த இடம் ராஜபுதனத்திலுள்ள மக்ரானா. அங்கிருந்து ஆக்ராவுக்கு 200 மைலுக்கு மேற்பட்ட தூரம் கட்டை வண்டியில் கல் வந்தது. வண்டியும் ஆளும் கொடுக்கும்படி ஆம்பேர் ராஜா ஜெய்சிங்குக்கு ஷாஜஹான் அனுப்பிய உத்தரவுகள் இன்றும் இருக்கின்றன. 1637-ல் அனுப்பிய ஒன்றில், கல் வெட்டுகிறவர்களை ராஜாவின் ஆட்கள் வேறிடத்தில் நிறுத்திக்கொள்ளுவதால் மக்ரானாவில் ஆள் குறைகிறது, ஆகையால் எல்லோரையும் மக்ரானாவுக்கே அனுப்ப வேண்டும் என்று கண்டிருக்கிறது. பார்த்தீர்களா? ராஜாவுக்கும் சக்ரவர்த்திக்கும் நடுவே கல்லைப் போலவே கல்வெட்டுகிறவர்களும் இங்கே கொண்டா அங்கே கொண்டா என்று தள்ளப்பட்டார்கள். எங்கே வேலை செய்ய உங்களுக்கு இஷ்டம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் தொழிலாளர் கையை ஷாஜஹான் வெட்டிவிட்டான் என்று ஒரு கதை உலவுகிறது. இதற்குச் சரித்திர ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரமில்லாததை நமக்குச் சாதகமாயிருக்கிறதென்பதற்காக நாம் நம்புவது பகுத்தறிவாகாது. கையை வெட்டினது பொய். ஆனால் பெயரை வெட்டினது மெய். அந்தக் கட்டடத்தில் தம் பெயரைப் பொறித்துக்கொள்ள முடிந்தவர், குர்ஆன் வாசகங்களை எழுதிய அமானத்கான் என்பவர் ஒருவரே. கல்தச்சர்கள் தங்கள் கல்லின்மேல் மீன், நட்சத்திரம், முக்கோணம் போன்ற அடையாளக் குறிகளை மட்டும் போட்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதபடி வைக்கப்பட்டவர்கள் வேறு எப்படித்தான் “இது நான் செய்தது” என்று சொல்லுவார்கள்?

இதற்கு நம் எதிரிகள் இரண்டு ஆட்சேபணை சொல்லுவார்கள். ராஜாவும் மதமும் பணம் போடாவிட்டால் இவையெல்லாம் உண்டாகியிருக்குமா என்பது ஒன்று. போட்ட பணம் யாருடையது என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். ஷாஜஹான் ஏர் பிடித்துச் சம்பாதித்தாரா? குடியானவன் கொடுத்த வரி அது. கட்டி முடித்த பிறகும் பராமரிப்புக்கென்று 30 கிராமங்களின் வருமானம் ஒதுக்கப்பட்டது. ரோமாபுரியில் செயின்ட் பீட்டர் கோயிலைக் கட்டப் பத்தாம் லியோ பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். காசு கொடுத்தால் செத்துப்போன உங்கள் தாய் தகப்பன் ஆத்மாவுக்கு வேதனை தீரும் என்று ஏழைகளிடம் வசூலித்த பணம் அது. அந்தப் புரட்டைக் கண்டித்துத்தான் 1517-ல் மார்ட்டின் லூதர் கிளம்பினார். ஆகவே கொடுத்தவனும் உழைப்பாளி, செய்தவனும் உழைப்பாளி. நடுவில் நின்று வாங்கிக்கொடுத்த தரகனுக்கே பெயர்.

மற்றொன்று, சுயமரியாதைக்காரர்கள் கலைக்கு விரோதிகள், சிலையை உடைக்கச் சொல்லுகிறவர்கள் என்பது. 1972-ல் அந்த மாதா சிலையைச் சுத்தியால் அடித்துக் கையையும் மூக்கையும் உடைத்தவர் யார்? நாஸ்திகர் அல்ல. “நானே உயிர்த்தெழுந்த இயேசு கிறிஸ்து” என்று கூவிக்கொண்டு அடித்த ஒரு மனிதர். உடைந்ததை ஒட்டி வைத்தவர்கள் யார்? தேவதூதர்கள் அல்ல, தொழில் தெரிந்த மனிதர்கள். அது முதல் மாதாவுக்குக் காவல் குண்டு துளைக்காத கண்ணாடி. தாஜ்மகாலின் வெள்ளை கரிப்புகையால் கெடாமலிருக்க, 1996-ல் சுப்ரீம் கோர்ட் சுற்றுப்புறத் தொழிற்சாலைகளுக்கு நிலக்கரியை விட்டு வாயு எரிபொருளுக்கு மாறவோ இடம் பெயரவோ உத்தரவிட்டது. மழுங்கின கல்லுக்கு மண் பூசிக் கழுவிச் சுத்தம் செய்கிறார்களேயொழிய மந்திரம் ஓதிச் சுத்தம் செய்யவில்லை. கல்லைக் கெடுப்பது அமிலம், காப்பது அறிவு. இதில் கடவுளுக்கு எந்த உத்தியோகமும் இல்லை. அழகை நாம் வெறுக்கவில்லை. அழகை உண்டாக்கினவனை மறைப்பதைத்தான் வெறுக்கிறோம்.

தொழிலாளிகள் பெயரையெல்லாம் எழுதி வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கிரேக்க தேசத்தில் ஏதென்ஸ் குன்றின்மேல் எரெக்தியோன் என்னும் சலவைக்கல் கோயில் கட்டினபோது, சுமார் 2,400 வருஷங்களுக்கு முன், அதன் வரவு செலவுக் கணக்கைச் சலவைக்கல்லிலேயே வெட்டி ஊரார் பார்க்க நிறுத்தினார்கள். எந்தத் தூணில் யார் யார் வரி செதுக்கினார்கள், அவருக்கு என்ன கூலி என்று பெயர் பெயராய் அதில் இருக்கிறது. அதில் குடிமகனும் உண்டு, வெளியூரிலிருந்து வந்து குடியேறினவரும் உண்டு, அடிமையும் உண்டு. ஒரே வேலைக்கு ஒரே கூலி, நாளொன்றுக்கு ஒரு திராக்மா. கட்டடத்தைத் திட்டமிட்ட தலைவருக்கும் அதே ஒரு திராக்மாதான். அடிமையின் கூலியை எஜமானன் வாங்கிக்கொண்டான் என்பதையும் நாம் மறைக்கவில்லை, அதுவும் அக்கிரமந்தான். ஆனாலும் அடிமையின் பெயரைக் கூடக் கல்லில் எழுத முடிந்திருக்கிறது. முடியாதது ஒன்றுமில்லை, மனமில்லாமைதான்.

கடைசியாக நம் ஊருக்கு வருவோம். நம் கோயில்களிலே சிலைக்குக் கருங்கல், தரைக்கும் சுவருக்கும் இப்பொழுது சலவைக்கல். உள்ளே நுழைந்தவுடன் சலவைக்கல் பலகையில் என்ன வெட்டியிருக்கிறது? ‘உபயம்: இன்னார், இன்ன கடை முதலாளி’ என்று வெட்டியிருக்கிறது. அந்த எழுத்தை உட்கார்ந்து வெட்டினவர் பெயர் அதில் உண்டா? கிடையாது. சிலையைச் செதுக்கி, அதற்குக் கண்ணும் திறந்து வைத்த கல்தச்சர், அதைக் கருவறையில் வைத்துக் குடமுழுக்கு செய்தபின் எங்கே நிற்கிறார்? வாசற்படிக்கு வெளியே நிற்கிறார். கல்லாயிருந்தவரையில் தொட்டவர், கடவுளானதும் தொட்டால் தீட்டு! அவர் கை பட்டதால்தானே அது கடவுள் உருவமாயிற்று? தீட்டு என்றால் அந்தச் சிலை முழுவதும் தீட்டுத்தானே?

தோழர்களே! நாம் உங்களைச் சிலையை உடைக்கச் சொல்லவில்லை, தாஜ்மகாலைப் பார்க்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. தாராளமாகப் போய்ப் பாருங்கள். பார்க்கும்போது, எந்த ராஜா, எந்த சாமி என்று கேட்பதற்கு முன்னால், இதை வெட்டினவர் யார், இழுத்தவர் யார், அவருக்குக் கூலி என்ன, எத்தனை பேர் செத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் பள்ளிக்கூடமோ, வாசகசாலையோ, மன்றமோ கட்டினால், திறந்து வைத்தவர் பெயரையும் பணங் கொடுத்தவர் பெயரையும் வெட்டுகிற கல்லில், கொத்தனார், கல்தச்சர், மண் சுமந்த பெண்கள் பெயரையும் வெட்டுங்கள். அதற்குக் கூடுதலாக ஆகப்போவது நாலு வரிக்கு உண்டான கூலிதான். அந்த நாலு வரியை என்றாவது ஒரு நாள் அவர்கள் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். அன்றைக்கு அந்தக் கல்லுக்கு உண்டாகும் மதிப்பு, ஆயிரம் அபிஷேகம் செய்தாலும் வராது.